பரமபதமும் வீட்டுச் சட்டமும்

விளையாட்டு என்பது மனிதன் தானே விரும்பி ஏற்றுக்கொள்ளும் சட்டம். அரசின் சட்டத்திற்கு நாம் அஞ்சிப் பணிவதுண்டு. ஊரின் ஒழுங்கிற்கு வழக்கத்தால் பணிவதுண்டு. ஆனால் பத்து வயதுச் சிறுவன் தாயக்கட்டையின் சொல்லுக்குப் பணிவது அச்சத்தாலும் அன்று, வழக்கத்தாலும் அன்று. பணிந்தாலன்றி ஆட்டம் இல்லை என்பதை அவன் அறிந்திருக்கிறான். ஆகவே சட்டம் எதற்காக இருக்கிறது, அதை யார் திருத்தலாம், எந்த அளவுக்குத் திருத்தலாம் என்னும் பெரிய வினாக்களுக்குச் சிறு பிள்ளைகளின் விளையாட்டு நல்லதொரு பள்ளிக்கூடம்.

நாம் வாழும் காஞ்சிபுரத்தில் வைகுண்ட ஏகாதசி இரவு வந்தால், நோன்பிருந்து விழித்திருக்கும் அண்டை வீட்டார் தறி ஓய்ந்த கூடத்தில் பாய் விரித்துப் பரமபதப் படத்தைப் பரப்புவர். கீழே மண்ணுலகம், உச்சியில் பரமபதம், நடுவே ஏணிகளும் அசுரர் பெயர் தாங்கிய பாம்புகளும். விளையாட்டு ஒன்றே, ஆயினும் வீட்டுக்கு வீடு சட்டம் வேறு. ஒரு வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அடுத்த வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறங்கும். ஒரு வீட்டில் கடைசிக் கட்டத்தை அடையச் சரியான எண் விழ வேண்டும். மற்றொரு வீட்டில் மிகுதி விழுந்தாலும் ஏற்றுக்கொள்வர். விவரம் அறியாத கடைக்குட்டியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொண்டு, அவன் காயைப் பாம்பு கடிக்காது என்று விட்டுவிடும் வீடுகளும் உண்டு.

இவை குற்றமா? முன்னோர் தந்த சட்டத்தை அவரவர் மனம்போல் மாற்றுவது நேர்மையா? அல்லது குறையுள்ள ஒன்றைக் கண்டும் மாற்றாதிருப்பதுதான் பிழையா? வீட்டுச் சட்டத்திற்கும், தோற்கும் தறுவாயில் சட்டம் பேசும் அழுகுணி ஆட்டத்திற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? சிறிய வினாப்போல் தோன்றினும், நம் குடும்பங்களும் தொழிற்கூடங்களும் பங்குப் பேரவைகளும் நாள்தோறும் சந்திக்கும் வினா இது.

ஆட்டத்தின் குறை எது?

பரமபதம் குறையுள்ள விளையாட்டு என்பதை அதை நேசிப்பவர்களும் ஒப்புவர். முதற் குறை, தொடங்குவதே கடினம். இரண்டு கட்டைகளிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு பக்கங்கள். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். பதினாறு வாய்ப்புகளில் இரண்டே தாயம். அதாவது எட்டில் ஒன்று. கணக்கிட்டுப் பார்த்தால், எட்டு முறை உருட்டியும் தாயம் காணாமல் கரையில் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய மூவரில் ஒருவர். இரண்டாம் குறை, உச்சிக்கு அருகே வாய் திறந்திருக்கும் பெரும்பாம்பு. இரண்டு மணி நேர உழைப்பை ஒரே உருட்டலில் விழுங்கி, ஆடுபவரை அடிவரிசைக்குத் தள்ளிவிடும். மூன்றாம் குறை, முடிவு எப்போது வரும் என்பதை யாரும் சொல்ல இயலாது.

இவற்றைத் திருத்தும் முயற்சிகளும் பழமையானவை. வட இந்தியாவில் 'ஞான சௌபர்' என்னும் பெயரால் வழங்கிய இவ்விளையாட்டுக்குச் சமணர் 84 கட்டங்களும், வைணவர் 72 கட்டங்களும், இசுலாமியச் சூஃபியர் 101 கட்டங்களும் வகுத்தனர். அவரவர் தம் மீட்பின் வரைபடத்தை அதே பலகையில் எழுதிக்கொண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளையாட்டு இங்கிலாந்து சென்றது. அங்கே சிக்கனம் என்னும் ஏணி நிறைவுக்கும், மனத்துயர் என்னும் ஏணி அருளுக்கும், உழைப்பு என்னும் ஏணி வெற்றிக்கும் ஏற்றியது. இந்தியப் பலகைகளில் ஏணிகளைவிடப் பாம்புகள் மிகுதி. ஆங்கிலேயர் இரண்டையும் ஏறக்குறையச் சமமாக்கினர். 1943-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளை நீக்கிச் சறுக்குமரங்களை வைத்தது. பின்னர் நாம் கடைகளில் வாங்கிய பலகைகள் பலவற்றில் நற்பண்பின் பெயரும் இல்லை, தீயொழுக்கத்தின் பெயரும் இல்லை; எண்கள் மட்டுமே எஞ்சின.

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. ஆடுபவர் தேர்ந்து செய்ய இவ்விளையாட்டில் ஒன்றுமே இல்லை. கருணை என்னும் ஏணியில் ஏறுபவர் கருணை செய்து ஏறவில்லை. பொய் என்னும் பாம்பில் விழுபவர் பொய் சொல்லி விழவில்லை. கட்டை விழுந்தது, காய் நகர்ந்தது, அவ்வளவே. நற்பண்புகளின் பெயர்களை நிரப்பிய பலகையில் ஒரு நற்செயல் புரிய ஓர் இடமும் இல்லை! உண்மையான குறை இதுவே என நாம் கருதுகிறோம். பாம்பின் நீளமும் தாயத்தின் அருமையும் இதற்குப் பின்னரே.

இயக்கும் விதி மாறாமல் பலகை மட்டும் பெருகுவதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டும் உண்டு. 1983-இல் பிரிட்டனில் வெளியான 'தாலிஸ்மன்' என்னும் மாயக்கதை விளையாட்டு, பரமபதத்திற்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். மந்திரவாதியும் வீரனும் மூன்று வட்டாரங்களைக் கடந்து நடுவிலுள்ள மணிமுடியை அடைய வேண்டும். திசையைத் தேர்ந்துகொள்ளலாம், தூரத்தைப் பகடையே சொல்லும். ஆட்டம் நீண்டுகொண்டே போகிறது என்பது அதை ஆடியவர்களின் முறையீடு. அதற்குச் சுரங்கம், நகரம் என விரிவுப் பெட்டிகள் தனித்தனியே வெளிவந்தன. நாடுகள் கூடின, அரக்கர்கள் கூடினர். பகடையின் ஆட்சி அப்படியே நீடித்தது. குறையை அறியாமல் சேர்க்கும் விரிவு, குறையையும் சேர்த்தே விரிக்கிறது.

பிள்ளைகள் வகுத்த சட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் கோடைக்கால மறைக்கல்வி முகாமில், நண்பகல் வெயிலில் பிள்ளைகளை வெளியே விட இயலாத வேளைகளில் பரமபதம் ஆட விட்டோம். மூன்றாம் நாளிலேயே அவர்கள் சட்டம் இயற்றத் தொடங்கிவிட்டனர். மூன்று திருத்தங்கள் நம் முன் வந்தன.

முதல் திருத்தம்: மூன்று சுற்று தாயம் விழாதவர் நான்காம் சுற்றில் தாமாகவே இறங்கலாம். இதை உடனே ஏற்றோம். திராட்சைத் தோட்ட உவமையில் பதினோராம் மணி நேரத்திலும் சந்தை வெளியில் நின்றவர்கள் சோம்பலால் நிற்கவில்லை. அவர்களை அழைப்பார் இல்லை. ஆட்டத்திற்குள் வருவதற்கே வாய்ப்பில்லாதவனிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. வாயிலைத் திறப்பதே நீதி.

இரண்டாம் திருத்தம்: பெரும்பாம்பை அழித்துவிடலாம். இதற்கு நாம் உடன்படவில்லை. சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீனம்மாள் மடத்தில் 12-ஆம் நூற்றாண்டின் திருவோவியம் ஒன்று உண்டு. ஏணியின் நூலாசிரியர் எனப் போற்றப்படும் புனித யோவான் கிளிமாக்குஸ் எழுதிய முப்பது படிகளில் துறவியர் விண்ணகம் நோக்கி ஏறுகின்றனர். இடையிடையே பேய்கள் சிலரை இழுத்து வீழ்த்துகின்றன. மேற்படியில் இருப்பவருக்கும் வீழ்ச்சி உண்டு. 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் போதித்ததும் இதுவே: இறுதிவரை நிலைத்திருத்தல் இறைவனின் கொடை, தனிப்பட்ட இறை வெளிப்பாடு இன்றி, 'எனக்கு அது உறுதியாயிற்று' என்று எவரும் சொல்லிக்கொள்ள இயலாது. பாம்பை அழித்தால் ஆட்டம் இனிமையாகலாம். ஆனால் அது பொய் சொல்லும் ஆட்டமாகிவிடும்.

மூன்றாம் திருத்தத்தை முன்வைத்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. "பாம்பு இருக்கட்டும், ஃபாதர். ஆனால் மேலே இருக்கிறவர் தம்முடைய ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால், விழுந்தவர் பாதி வழியில் நின்றுகொள்ளலாம்" என்றாள். பிள்ளைகள் சற்று யோசித்து ஒப்புக்கொண்டனர்.

அத்திருத்தத்தின் ஆழத்தை அவள் முழுதும் அறிந்திருப்பாளோ என்னவோ, நாம் இன்றும் எண்ணி வியக்கிறோம். பாம்பு நீங்கவில்லை, கட்டையின் ஆட்சியும் நீங்கவில்லை. ஆயினும் பலகையில் முதன்முறையாக ஒரு சுதந்திரம் பிறந்தது. விழுந்தவனைத் தாங்குவதா, தன் வெற்றியை நோக்கி விரைவதா என்று ஒருவன் தேர வேண்டிய கணம் அது. விட்டுக்கொடுத்தவரும் உண்டு, தலையைத் திருப்பிக்கொண்டவரும் உண்டு. இரண்டாம் நாள் ஒரு சிறுவன், "விட்டுக்கொடுப்பதைக் கட்டாயமாக்கிவிடலாம்" என்றான். வேண்டாம் என்று அந்தச் சிறுமியே மறுத்துவிட்டாள். கட்டாயமானால் அது மற்றொரு ஏணி. கட்டை செய்யும் வேலையைச் சட்டம் செய்யும், மனிதன் செய்ய ஒன்றும் இராது. புனிதர்களின் உறவு ஒன்றிப்பைப் பற்றி நாம் நிகழ்த்திய மறையுரைகளைவிட அந்த ஒற்றைச் சட்டம் தெளிவாகப் பேசியது.

அரசிக்குக் கிடைத்த ஆற்றல்

நல்ல திருத்தம் குறையை நீக்குவதோடு நிற்பதில்லை. முன்பு சொல்ல முடியாத உண்மையையும் சொல்ல வைக்கிறது. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகர், அராபியர் வழியாக ஐரோப்பா சென்றபோது, அரசனுக்கு அருகே நின்ற மந்திரி குறுக்காக ஒரே கட்டம் நகரும் எளிய காய். அங்கே அது அரசியாயிற்று. எனினும் நடை மாறவில்லை. ஆட்டம் மெதுவாக ஊர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் ஆடுவோர் அரசிக்கு எல்லாத் திசையிலும் எவ்வளவு தூரமும் செல்லும் ஆற்றலை வழங்கினர். புதிய முறை வழக்கத்தாலேயே பரவியது. இன்று உலகம் ஆடுவது அதையே.

அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் பிறந்தவர் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள். தம் சகோதரியருக்கு எழுதிய 'நிறைவாழ்வின் வழி' நூலில், இறைவேண்டலைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுகிறார். அரசனை மடக்குவதில் அரசியே வல்லவள். தெய்வீக அரசரை மடக்க வல்ல அரசி தாழ்ச்சியே என்பது அவர் கருத்து. துறவு மடத்தில் சதுரங்கப் பேச்சா என்று தயங்கினார் போலும், நூலைத் திருத்தி எழுதியபோது அப்பகுதியை நீக்கிவிட்டார். பதிப்பாசிரியர்கள் பழைய பிரதியிலிருந்து அதை மீண்டும் சேர்த்தனர். அரசி ஒரே கட்டம் நகரும் பழைய ஆட்டத்தில் இந்த ஒப்புமைக்கு இடமே இருந்திராது.

மறைவல்லுநரின் அறிவுரை

விளையாட்டில் நற்பண்பு உண்டு என்று போதித்தவர் புனித தோமா அக்குவினாஸ். எப்போதும் நாண் ஏற்றிய வில் முறிந்துவிடும் எனத் திருத்தூதர் யோவான் விளக்கியதாக வழங்கும் பழங்கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். சட்ட மாற்றத்தைப் பற்றி அவர் கூறுவதும் நமக்கு உதவும். மாற்றம் தன்னளவிலேயே ஓரளவு தீங்கு என்கிறார். ஏனெனில் மக்கள் சட்டத்திற்குப் பணிய வழக்கமே பெருந்துணை, அவ்வழக்கம் மாற்றத்தால் தளர்கிறது. வரும் நன்மை அந்தத் தளர்வை ஈடுசெய்தால் மட்டுமே மாற்ற வேண்டும். ஆயினும், சட்டத்தின் எழுத்து அதன் நோக்கத்திற்கே எதிராகும் தருணத்தில் நோக்கத்தைப் பின்பற்றுவது நற்பண்பு என்றும் கூறுகிறார். ஒருவர் நம்மிடம் அடைக்கலமாக வைத்த வாளைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும். அவர் வெறி பிடித்த நிலையில் கேட்டால் தரலாகாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் வழக்கத்தைச் சட்டத்தின் சிறந்த விளக்கவுரையாக மதிக்கிறது. ஆன்மாக்களின் மீட்பே தலையாய சட்டம் என்று கூறித் தன் 1752-ஆம் விதியோடு முடிகிறது.

இவற்றினின்று வீட்டுச் சட்டத்திற்கு மூன்று உரைகற்களைப் பெறுகிறோம். ஒன்று, திருத்தம் கட்டை உருளும் முன் செய்யப்பட வேண்டும். இரண்டு, ஆடுவோர் அனைவரும், சிறப்பாக எளியவர், அதை அறிந்து இசைய வேண்டும். மூன்று, அது ஆட்டத்தின் நோக்கத்திற்குத் துணைநிற்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் அது அழுகுணி ஆட்டமே, யார் ஆடினாலும்.

கோர்வையும் சிறுவனும்

விரிவைப் பற்றி நம் ஊர் நெசவே நமக்குப் பாடம். காஞ்சிப் பட்டின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை. மூன்று நாடாக்களைக் கொண்டு ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையைக் கரையின் இழையோடு பிணைத்துச் செல்வர், அதுவே கோர்வை. சேலை நைந்தாலும் கரை எளிதில் பிரியாது. நல்ல விரிவும் அத்தகையதே. புதிய சட்டம் பழைய சட்டத்தோடு இழைக்கு இழை பிணைய வேண்டும். மேலே ஒட்டிய துண்டு முதல் இழுப்பிலேயே கையோடு வந்துவிடும்.

அந்தக் கோர்வைக்கு இரண்டாம் ஆள் தேவை. நெசவாளரின் பக்கத்தில் அமர்ந்து மறுகரையின் நாடாவைத் தள்ள, ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரையே உட்காரவைத்தனர். பள்ளி செல்ல வேண்டிய வயதில் தறியில் கழிந்த பிள்ளைப் பருவங்கள் பல. "சிறு விரல் இல்லாவிட்டால் கோர்வை இல்லை, இது தொழிலின் சட்டம்" என்று சொன்னவர்கள் இருந்தனர். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் திருத்தம் ஆகியவற்றாலும், ஆசிரியர்கள், அலுவலர்கள், தொண்டு உள்ளங்கள் பலரின் உழைப்பாலும் அவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. கோர்வை அழியவில்லை, பெரியவர்கள் அவ்விடத்தில் அமர்ந்தனர். தொழிலின் உயிர் என்று காட்டப்பட்டது, தொழிலைப் பற்றியிருந்த பாம்பு என்பது தெரிந்தது. எளியவரின் தோளில் ஏற்றிய சுமையைப் புனிதமான மரபு என்று பெயரிட்டுக் காக்கும் ஆசை நம் அனைவரிடமும் உண்டு. எனவேதான் எளியவரின் இசைவை ஓர் உரைகல்லாக வைத்தோம்.

முதல் உரைகல்லுக்கும் தறியே சான்று. பாவு ஏற்றும்போது ஒரு கூலி பேசி, வாரக்கணக்கில் உழைத்துச் சேலை இறங்கியபின், "இங்கே இழை சரியில்லை, அங்கே நிறம் மங்கல்" என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கும் முதலாளியைப் பற்றிக் கண்ணீரோடு கூறியோர் பலர். கட்டை உருண்டபின் சட்டத்தை மாற்றுவது இது. சிறுவன் செய்தால் அழுகுணி என்று சிரிக்கிறோம். செல்வர் செய்தால் வணிகம் என்கிறோம். கூலிக்காரரின் கூக்குரல் ஆண்டவரின் செவியை எட்டும் என யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிப்பதை மறவோம். இல்லங்களிலும் இதே நோய் உண்டு. மகன் நல்ல மதிப்பெண் பெற்றால் கேட்ட படிப்பு என்று சொல்லிவிட்டு, அவன் பெற்றபின் வேறு படிப்பைச் சுமத்தும் தந்தையும் கட்டை உருண்டபின்னரே சட்டம் பேசுகிறார்.

இறைவனின் சட்டத்தையுமா?

ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் இறைவனின் கட்டளைகளையும் நாம் வீட்டுக்கு வீடு திருத்திக்கொள்ளலாமா? இயலாது. நாம் இயற்றாத ஆட்டத்தை நாம் திருத்துவதில்லை. ஆயினும் நோக்கத்தை நாடிச் செல்வது எப்படி என்பதை ஆண்டவரே நமக்குக் காட்டினார். ஓய்வுநாள் யாருக்காக உண்டாயிற்று என்று விளக்கியபோது, பசித்தோரின் சுமை தளர்ந்தது. திருமணத்தைப் பற்றிக் கேட்டபோதோ, மோசே தந்த சலுகையைக் கடந்து, படைப்பின் தொடக்கத்தில் இருந்த நோக்கத்திற்குத் திரும்பினார்; அங்கே கட்டு இறுகியது. நோக்கத்தைத் தேடுவது எப்போதும் எளிய வழியைத் தேடுவது அன்று. சில வேளைகளில் ஏணி ஒன்று கூடும். சில வேளைகளில் பாம்பு அங்கேயே இருக்க வேண்டும்.

நம் பங்குகளில், அன்பியங்களில், சங்கங்களில், இல்லங்களில் பழைய சட்டங்கள் பல உள. அவற்றுள் ஒன்றைத் திருத்த விழையும்போது, எந்த விதி நமக்கு இடையூறு என்று கேட்பதற்கு முன், தாயம் விழாமல் கரையில் அமர்ந்திருப்பவர் யார், பாம்பு கடித்து அடிவரிசையில் நிற்பவர் யார் என்று கேட்போம். அவர்களையும் பாயில் அமர்த்தி, அவர்கள் கேட்கச் சட்டத்தைப் பேசுவோம். பேசியபின், எது விழுந்தாலும் அதைக் காப்போம். உயரத்தில் இருக்கும் நாளில் நம்முடைய ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது மட்டும் நம் விருப்பத்திற்கே விடப்பட்டிருக்கிறது. அதை எந்தச் சட்டமும் நமக்காகச் செய்து தராது.